வீட்டுக்கு ஒரு பண்டம்

இல்லை, அந்த வண்டிக்காரனோடு அவள் போகவில்லை. அவன் பெயர் காசிமாயன் என்பதே அன்றைக்கு மத்தியானம் வரை ஜெபக்கனிக்குத் தெரியாது. பாலத்தடியில் வாடகைக்கு நிற்கிற குட்டியானை வண்டிகளில் எது சும்மா நின்றதோ அதைக் கூப்பிட்டாள், அது வந்தது. முன் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனாள் என்று குழாயடியில் சொல்கிறார்களே, சொல்கிற வாய்களில் ஒன்றாவது அந்த நேரத்தில் வாசலில் இருந்ததா? வண்டியின் பின்பக்கத்தில், ஃபிரிட்ஜைக் கட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டுதான் போனாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

“அப்பறம் என்னத்துக்குங்க கூடப்பொறந்தவன் ஊட்ட உட்டுப்போட்டுப் போகோணும்? கண்ணாலம் ஆகாத பொம்பள!” என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார் நஞ்சம்மாள். அவர் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் ஒன்றில்தான் இவர்கள் குடியிருந்தார்கள். வீட்டுக்காரம்மாவே கேட்டால் மற்றவர்களும் கேட்கத்தானே செய்வார்கள்.

பக்கத்து வீட்டு முனவர் பேகம் மட்டும்தான் சண்டைக்கு நிற்கிறாள். “ஏனுங்க்கா, அவ ஃபிரிட்ஜ அவ எடுத்துட்டுப் போனா. இதுல ஆம்பள எங்கிருந்து வந்தான்?”

“ஒரு ஃபிரிட்ஜுக்காக ஊட்ட உட்டுப் போவாளா ஒருத்தி? இல்ல, ஒரு கிண்ணம் கேக்குக்காகப் போவாளா?”

முதலில் அது கேக்கே இல்லை. அடுப்பில் வேகாத பண்டத்தைக் கேக்கு என்று சொல்லிச் சொல்லியே பாதி வம்பு வளர்ந்தது. மீதிப் பாதி எப்படி வளர்ந்தது என்பதை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

ஜெபக்கனி நாசரேத்துக்குப் பக்கத்தில் செம்மண் தேரிக்காட்டு ஊர்க்காரி. தாவணி போட்ட வயதில் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் சேர்ந்தாள். நீள மேசையில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அடுக்குகிற வேலை. இழுத்து விரித்தால் வெட்டின பிறகு சுருங்கும். தளர விட்டால் மடிப்பு விழும். அந்த வேலையில் கை பழுத்தவள். தம்பி பொன்துரையை ஊரிலிருந்து வரவழைத்து, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி ஆளாகச் சேர்த்து, ஓவர்லாக் டெய்லர் ஆகிறவரை சோறு போட்டது அவள். ஆஷாவைப் பெண் பார்த்து, ஊர்க் கோயிலில் கல்யாணம் நடத்தியதும் அவள்தான். தனக்கு வந்த இடங்களை, தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று தள்ளித் தள்ளி வைத்தாள். அப்புறம் இடம் வருவது நின்றுபோனது. 

வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. தம்பியும் ஆஷாவும் அறையில் படுப்பார்கள். கனி சமையற்கட்டில், கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் பாய் விரிப்பாள். கிரைண்டர் ஆஷா சீதனமாகக் கொண்டுவந்தது. ஃபிரிட்ஜ் கனி தீபாவளி போனஸில் வாங்கியது. வந்த புதிதில் அதற்குள் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு முழம் மல்லிகையும் மட்டும் வைத்துவிட்டு, கதவைத் திறந்து திறந்து பார்த்தாள். அது எத்தனை நாள் ஓடியது? ஆஷா மாவு வியாபாரம் தொடங்குகிறவரை ஓடியது.

ஆஷாவைக் கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. உழைப்பாளி. கம்பெனி விட்டு இருட்டின பிறகு வருகிற பெண்கள் எங்கே ஊறப்போட்டு எங்கே அரைப்பது? அதனால் ஆஷாவின் இட்லி மாவுக்கு லைன் முழுக்கக் கிராக்கி. மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் கூடின. முதலில் கீழ்த்தட்டு போனது, பிறகு நடுத்தட்டு, பிறகு மேல்தட்டு. மல்லிகைப் பூ ஜன்னலுக்குப் போனது. தண்ணீர் பாட்டில் மண்பானைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“மைனி, கொஞ்ச நாளைக்குத்தான். ஒரு பெரிய ஃபிரிட்ஜா வாங்கிருவேன்” என்பாள் ஆஷா. கொஞ்ச நாள் என்பது எப்போது முடியும் என்று கனியும் கேட்கவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று இருந்தவள்தான். அவளை அரித்தது வேறு. அவர்கள் சபையில், கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் எல்லோரும் கூடுவார்கள். பாட்டு, ஜெபம், பிறகு சாப்பாடு. வீட்டுக்கு ஒரு பண்டம் என்பது அங்கே சட்டம். நீள பெஞ்சில் தட்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் வீட்டுப் பெயரை ஒரு சீட்டில் எழுதி வைப்பார்கள். ஆஷாவின் முந்திரிக்கொத்துக்கு முன்னால் ‘பொன்துரை வீடு’ என்று இருக்கும். நல்ல முந்திரிக்கொத்துதான். கனி என்ன செய்வாள்? பேப்பர் தட்டு பிரித்து எல்லோருக்கும் கொடுப்பாள். வருஷா வருஷம் அதுதான் அவள் வேலை.

போதகர் மனைவியை இவர்கள் ஐயரம்மா என்பார்கள். அவர்தான் ஒரு வருஷம் கேட்டார். “கனி, நீயும் சம்பாதிக்க, நீயும் காணிக்கை போடுத. அடுத்த தடவை உன் பேர்லயே ஒரு தட்டு வையேன்.”

கனிக்குத் தூக்கம் போனது. ‘ஜெபக்கனி’ என்று ஒரு சீட்டு. என்ன செய்வது? முறுக்கும் அதிரசமும் ஊரே கொண்டுவரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் ஒரு பெண் போனில் காட்டினாள்: பிஸ்கட் ஒரு அடுக்கு, கஸ்டர்டு ஒரு அடுக்கு, மறுபடி பிஸ்கட், மேலே வெள்ளையாகப் பால். ஓவன் வேண்டாம், ரொம்பச் சுலபம், யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று போனில் இருந்த பெண் பல்லெல்லாம் தெரியச் சொன்னாள். அடுக்குவதுதானே, நமக்கு வராதா என்று கனி நினைத்தாள். ஒவ்வோர் அடுக்கையும் ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிட்டுத்தான் அடுத்ததை ஊற்ற வேண்டும், ஒரு ராத்திரி ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்பதையும் அவள் சொன்னாள். ஃபிரிட்ஜில் இடம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கென்ன, அவள் ஃபிரிட்ஜில் மூன்று தக்காளியும் ஒரு பாட்டில் ஜூஸும்தான் இருந்தன.

போன வருஷம் கண்ணாடிக் கிண்ணத்தில் செய்தாள். கஸ்டர்டு இறுகுவதற்குள் ஆஷா ஒரு டப்பாவை நுழைக்கக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்துவிட்டாள். மேலே இருந்த மாவு பொங்கி வழிந்து கிண்ணத்துக்குள் இறங்கியது. காலையில் பார்த்தால் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து, புளித்த வாடை அடித்தது. “அய்யோ மைனி, நான் பாக்கவே இல்லயே” என்றாள் ஆஷா. கனி கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். சாயங்காலம் பேப்பர் தட்டு பிரித்தாள். புட்டிங் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாளே, சபையில் ஒருத்தி கேட்டாள்: “என்ன கனி, ஊர்லயிருந்து ரயில்ல வருதா? உன் புட்டிங் எந்த ஸ்டேஷன்ல நிக்கி? கோவில்பட்டி தாண்டிருச்சா?” எல்லோரும் சிரித்தார்கள். கனியும் சேர்ந்து சிரித்தாள். வேறென்ன செய்வது?

ஆகவே இந்த வருஷம் ஆடி மாதமே சொல்லி வைத்தாள். கார்த்திகையில் மறுபடி சொன்னாள். சபையில் கூடுகிற வாரம் திங்கட்கிழமையும் சொன்னாள்.

“ஆஷா, வெள்ளிக்கெழம ராத்திரி மேல்தட்டு எனக்கு வேணும்.”

“எடுத்துக்கிடுங்க மைனி. உங்க ஃபிரிட்ஜுதானே!”

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து கதவைத் திறந்தால் மேல்தட்டில் மாவு. நடுத்தட்டில் மாவு. முட்டை வைக்கிற குழியில் மாவு அள்ளும் கரண்டி.

“சனிக்கெழமன்னா ரெட்டிப்பு யாவாரம்லா மைனி. மறுநாள் எல்லாத்துக்கும் லீவு. ஒரு டப்பா அளவுக்கு ஓரமா இடம் விட்டிருக்கேன் பாருங்க, அதுல வச்சிக்கிடுங்க.”

அந்த இடத்தில் கண்ணாடிக் கிண்ணம் நுழையவில்லை. நெட்டாகத் திருப்பினாள், குறுக்காகத் திருப்பினாள். கடைசியில் காலியாகக் கிடந்த மாவு டப்பா ஒன்றை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கழுவிக் காயவைத்தாள். அதில்தான் அடுக்கினாள். அங்கேதான் தப்பு நடந்தது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். அப்போது யாருக்குத் தோன்றியது?

மேரி பிஸ்கட்டைப் பொடித்து, ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிப் பிசைந்து அடியில் அழுத்தினாள். அது இறுகியதும் கஸ்டர்டு. முட்டை சேர்க்கவில்லை, கடையில் விற்கிற ஜெல்லியும் போடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சபைக்குப் போக மிஞ்சுவதை லைன் வீடுகளுக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்தாள். வீட்டுக்காரம்மா மகன் மகுடேஸ்வரன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். முனவர் வீட்டிலும் கண்ட ஜெல்லியைத் தொடமாட்டார்கள். அதனால் இறுகுவதற்குக் கடல்பாசி இருக்குமா என்று முனவரிடம்தான் கேட்டாள்.

“கடல்பாசிதானே? நோன்புக்கு வாங்கினது மிச்சம் கெடக்கு, எடுத்துக்க” என்று ஒரு கொத்து கொடுத்தாள் முனவர். “எனக்கு அடியில இருக்கற பிஸ்கட்டு வேணும், ஆமா. மேல இருக்கற பாலக் குடுத்து ஏமாத்தாதே.”

கடல்பாசியைக் காய்ச்சிக் கஸ்டர்டில் கலந்தாள். அதன்மேல் காப்பி டிகாஷனில் முக்கிய பிஸ்கட்டை இடைவெளி இல்லாமல் பரப்பினாள். கடைசியாக, டின்னில் வரும் கெட்டிப்பாலையும் கடல்பாசியையும் சேர்த்து வெள்ளை வெளேரென்று ஓர் அடுக்கு. துணி விரிக்கிற கைதானே, ஓரம்கூடப் பிசகவில்லை. மூடினாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே தலையணை போட்டுப் படுத்தாள். ஆஷா தண்ணீர் குடிக்க வந்தபோதுகூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

சனிக்கிழமை விடியும்போது தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. கனியும் ஆஷாவும் குடங்களோடு ஓடினார்கள். கரண்ட் வேறு இல்லை. அந்தச் சமயம் பார்த்து நஞ்சம்மாள் தூக்குப்பாத்திரத்தோடு வந்தார். வீட்டில் இருந்தது பொன்துரை. இரவு ஷிப்ட்டு முடித்து வந்து அப்போதுதான் கண்ணசந்தவன். எழுந்து வந்து, கைக்கு எட்டிய டப்பாவைத் திறந்தான். வெள்ளையாக இருந்தது. கரண்டி இறங்கவில்லை.

“மார்கழிக் குளிருல்லாம்மா, மாவு உறைஞ்சு போச்சு” என்றான். பெயர்த்துப் பெயர்த்துப் போட்டான்.

“ஆமாங் கண்ணு, எங்கூட்டுத் தேங்கா எண்ணெயும் இப்படித்தான் கெடக்குது” என்று அவரும் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் அதில் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, கையால் கரைத்துக் கல்லில் ஊற்றியிருக்கிறார். தோசை எழும்பவில்லை. நுரைத்தது, பழுப்பானது, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு புகைந்தது. பூஜை முடித்துப் பசியோடு உட்கார்ந்திருந்த மகுடேஸ்வரன் ஒரு விள்ளலைப் பெயர்த்து வாயில் போட்டிருக்கிறான். “அம்மா, இது இனிக்குதுங்கம்மா!”

அவ்வளவுதான். நஞ்சம்மாள் தோசைத்திருப்பியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஏனுங் ஆஷா, மாவுல என்னத்தப் போட்டீங்க? பையன் மாலை போட்டிருக்கறான்னு தெரியுமில்ல? முட்டை கிட்டை இருந்தா எங்க விரதம் என்னங்க ஆகறது?”

குழாயடியில் இருந்த அத்தனை பேரும் குடத்தோடு திரும்பினார்கள். மாவு வாங்குகிறவர்கள்தான் எல்லோரும். ஆஷா குடத்தை அப்படியே இறக்கி வைத்தாள். உள்ளே ஓடிப்போய் டப்பாவைத் திறந்து பார்த்தாள். புரிந்துகொண்டாள். டப்பாவோடு வெளியே வந்து சொன்னாள்.

“அது எங்க மாவே இல்லம்மா. மைனி கேக்கு செய்யுதேன்னு மாவு டப்பாவுல என்னத்தையோ கரைச்சு வச்சுட்டாவ.”

கனி தம்பியைப் பார்த்தாள். அவன் வாசலோரம் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று ஒரு வார்த்தை. நுரையைத் துப்பிவிட்டுச் சொல்வான் என்று காத்திருந்தாள். துப்பினான். வாயைக் கொப்பளித்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

கனி சமையற்கட்டுக்குப் போய்க் கஸ்டர்டு பாக்கெட்டைத் தேடி எடுத்தாள். அதில் பச்சைப் புள்ளி இருக்கிறது, சைவம்தான் என்று காட்ட வேண்டுமே. எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள், வாடிக்கைக்காரர்கள் கண் முன்னால் டப்பாவைச் சுத்தம் செய்து காட்டுகிற அவசரத்தில், ஆஷா அதைச் சாக்கடை ஓரத்தில் கவிழ்த்துத் தட்டிவிட்டாள்.

அது உடையாமல் வந்து விழுந்தது. பொன்துரை பெயர்த்த ஒரு மூலை போக மீதி முழுசாக, பழுப்பு, மஞ்சள், பழுப்பு, வெள்ளை என்று தலைகீழாக நின்றது. கோடு போட்ட மாதிரி இருந்தது ஒவ்வொன்றும். எல்லோரும் பார்த்தார்கள். “அடேங்கப்பா” என்றாள் யாரோ ஒருத்தி. ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

“முட்டை இல்லம்மா” என்று கனி பாக்கெட்டை நீட்டினாள். 

நஞ்சம்மாள் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். “பச்சைப் புள்ளியா? அப்பச் செரி கண்ணு. சாமி குத்தமில்ல. ஆனாலும் மாவு டப்பால வைக்கலாமுங்களா?”

“வேற எதுலம்மா வைக்க?” என்றாள் கனி. “எங்கம்மா வைக்க?”

 மகுடேஸ்வரன்தான் பின்னாலிருந்து, “அந்தக் கல்லுல ஒட்டினது இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்ளாம்மா?” என்று கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினான்.

வீட்டுக்குள் வந்ததும் ஆஷா சொன்னாள். “மைனி, கோவப்படாதீங்க. இனிமே ஃபிரிட்ஜுல மாவைத் தவிர ஒண்ணும் வேண்டாம். யாவாரமே கெட்டுப்போவும்.”

கனி மறுபடியும் தம்பியைத்தான் பார்த்தாள். “ஏல, நீயாவது சொல்லு.”

பொன்துரை சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே பேசினான். “எக்கா, வருசத்துல ஒரு நாளுக்காவ என்னத்துக்கு இம்புட்டுப் பாடு? நம்ம வீட்டுப் பண்டந்தான் ஆஷா கொண்டு வாராளே. நீ என்ன தனி வீடா?”

அந்தக் கேள்வி இருக்கிறதே, அதைக் கேட்டது ஊரான் இல்லை. அவள் சோறு போட்டு வளர்த்தவன்.

சாயங்காலம் கனி சபைக்குப் போனாள். பெஞ்சில் முந்திரிக்கொத்துக்கு முன்னால் ‘பொன்துரை வீடு’ இருந்தது. கடைசியில் ஒரு வெற்றிடம். அங்கே ‘ஜெபக்கனி’ என்று சீட்டு மட்டும் இருந்தது. ஐயரம்மா எழுதி வைத்துவிட்டார், பாவம், அவருக்கு என்ன தெரியும்? போன வருஷம் கேலி செய்தவள் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. கனி அந்தச் சீட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, பேப்பர் தட்டு பிரிக்கப் போனாள்.

முனவருடைய பெரியம்மாவுக்கு மங்கலம் ரோட்டில் ஒரு லைன் உண்டு. அதில் ஒரு ஒற்றை அறை ரொம்ப நாளாகச் சும்மா கிடந்தது. “வாயேன், போய்ப் பாக்கலாம்” என்று முனவர் பல தடவை கூப்பிட்டிருக்கிறாள். “தம்பி தனியாப் போயிருவான்” என்று கனி சொல்லிவந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளே முனவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய் அறையைப் பார்த்தாள். பாத்திரம் வைக்கிற இடத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. பிளக் பாயிண்ட் எங்கே என்று மட்டும் கேட்டாள். திரும்பி வரும்போது பாலத்தடியில் வண்டி பிடித்தாள். முனவர் பெரியம்மாவோடு சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று மங்கலம் ரோட்டிலேயே நின்றுவிட்டாள். நின்றிருக்காமல் கூடவே வந்திருந்தால் இத்தனை வம்பு வந்திருக்காது. அது அவளுக்கும் வருத்தம்தான்.

மத்தியான வெயில். சம்பளம் வாங்கின மறுநாள் ஞாயிறு. லைன் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. கனி ஃபிரிட்ஜைத் திறந்து, மாவு டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சமையற்கட்டுத் தரையில் நிழலாகப் பார்த்து வைத்தாள். மேலே ஈரத் துணியைப் போட்டு மூடினாள். தட்டுகளைத் துடைத்தாள். கதவு ஆடாமல் இருக்கப் பனியன் வேஸ்ட் துணியை நாடாவாகக் கிழித்து இறுக்கிக் கட்டினாள்.

ஆஷா எழுந்து வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தாள். “மைனி! மாவு புளிச்சிரும் மைனி!”

“ஈரத்துணி போட்டிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள வித்துரு.”

“எக்கா, என்ன இது? எங்க போற?” என்றான் பொன்துரை.

“ஒரு பக்கம் பிடி.”

“எக்கா…”

“பிடில. வண்டிக்காரர் ஒத்தையாளாத் தூக்க முடியாது.”

பிடித்தான். ஒரு முனையில் அவன், மறுமுனையில் காசிமாயன். படியில் இறக்கும்போது தம்பியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இரண்டு கையும் ஃபிரிட்ஜில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. கனிக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் துடைத்துவிடவில்லை. பெட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு, வாசற்படியைத் தாண்டி, பின்னாலேயே வந்து வண்டியில் ஏறினாள்.

“அக்கா, முன்னாடி வந்து உக்காருங்க” என்றான் காசிமாயன்.

“வேண்டாம் தம்பி. சாஞ்சா கெட்டுப் போயிரும். நான் பிடிச்சுக்கிடுதேன்.”

“சரிக்கா. எங்கிட்டுப் போகணும்னு சொல்லவே இல்லையே?”

“மங்கலம் ரோடு. மெதுவாப் போங்க.”

பொன்துரை வண்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட வருவல்லா எக்கா?”

“வருவேன். நீங்களும் எங்க வீட்டுக்கு வாங்க” என்றாள் ஜெபக்கனி. முந்தானையில் மாற்றி முடிந்திருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அடுத்த வருசம் சபைக்கு உங்க வீட்டுப் பண்டத்த ஆஷா கொண்டு வரட்டும். எங்க வீட்டுப் பண்டத்த நான் கொண்டு வாரேன்.”

வண்டி நகர்ந்தது. அவன் கை பலகையிலிருந்து தானாக விட்டது.